அட்வான்ஸும் ஒரு மொய்தான்

மண்டபத்து வாசலில் சந்தனம், கல்கண்டு தட்டைத் தாண்டியதும் ஒரு மேசை போட்டிருப்பார்கள். பின்னால் இரண்டு பேர். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணி மஞ்சள் பைக்குள் போடுவார். மற்றவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதுவார். அடித்தல் திருத்தல் இருக்காது. இரண்டு கோபாலகிருஷ்ணன் வந்தால் "மில் கோபால்", "டிரைவர் கோபால்" என்று பிரித்து எழுதும் அளவுக்கு அந்தக் கணக்கில் கவனம் இருக்கும்.

இந்த மேசையைக் கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபர் அன்று மாலைக்குள் பத்துத் தடவையாவது கடந்து போவார். மொய் எழுதுவதைப் படமும் எடுப்பார். அவர் கையில் அன்றைக்கு ஐந்து வீட்டு அட்வான்ஸ் இருக்கும், ஆனால் அதை எழுதிவைக்க ஒரு நோட்டு இருக்காது. கேட்டால் "எல்லாம் வாட்ஸ்அப்ல இருக்குண்ணே" என்பார்.

மொய்ப் பணத்தை வருமானம் என்று நினைக்கிற குடும்பம் எதையும் நான் பார்த்ததில்லை. பை நிறைய வந்திருக்கும். பந்திச் செலவுக்கும் மண்டப வாடகைக்கும் அதிலிருந்தே எடுத்தும் கொடுப்பார்கள். ஆனாலும் நோட்டுப் பத்திரமாகப் பீரோவில் ஏறிவிடும். செய்தவர் வீட்டில் காதுகுத்து வந்தால் "அவுக நமக்கு 1001 செஞ்சிருக்காக" என்று நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கவரில் பணம் வைப்பார்கள். வாங்கும்போதே அது கடன் என்று தெரிந்து வாங்குகிற பணம் அது. பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும்.

தொழிலில் வாங்கும் அட்வான்ஸும் இதே சாதிப் பணம்தான். வேலையைச் செய்து முடிக்கும்வரை அது கொடுத்தவருடையது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சுயதொழில்காரர் கணக்கில் பாதி தானாகச் சரியாகிவிடும். வரி பற்றிய பேச்சுகூட அதன் பிறகுதான். இந்த அத்தியாயத்தில் கல்யாண போட்டோகிராபரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மேக்கப் போடுபவர், சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர், மேடை அலங்காரம் செய்பவர், ஆரி வேலை செய்யும் தையல்காரர் என்று அட்வான்ஸ் வாங்கிப் பிழைக்கும் எல்லோரும் தங்கள் தொழிலை இதில் பொருத்திப் பார்க்கலாம். கீழே வருகிற தம்பி ஒரே ஆள் இல்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த பல பேரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். தொகைகளும் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை.

ஆடி மாதத்து ஓட்டை

தம்பி வந்தது ஆடி மாதம். கல்யாணக்காரர்கள் கணக்குப் பார்க்க வருவது எப்போதும் ஆடியில், அல்லது மார்கழியில். மற்ற மாதங்களில் அவர்களுக்கு நேரமில்லை.

"அண்ணே, ஆவணியில அஞ்சு கல்யாணம் புக் ஆயிருக்கு. சீசன் சூப்பர். ஆனா கையில காசே நிக்க மாட்டேங்குது."

"அஞ்சு கல்யாணத்துக்கும் அட்வான்ஸ் வாங்கியாச்சா?"

"ஆளுக்கு 50,000 வாங்கியாச்சுண்ணே."

"அந்தப் பணம் எங்க?"

தம்பி யோசித்தார். ஸ்டுடியோ வாடகை, கேமராவின் மாதத் தவணை, பையன் சம்பளம், மகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம். தப்பான செலவு ஒன்றுகூட இல்லை. வங்கியில் 38,000 இருந்தது. ஒரு தாளை எடுத்து அவரையே எழுதச் சொன்னேன். செய்யாத வேலைக்கு வாங்கிய அட்வான்ஸ் 2,50,000. கையிருப்பு 38,000. வித்தியாசம் 2,12,000.

"இவ்வளவு நான் யாருக்கும் தர வேண்டியதில்லையேண்ணே" என்றார்.

தர வேண்டும். ஐந்து குடும்பங்களுக்கு, பணமாக இல்லாவிட்டாலும் வேலையாக. ஆவணியில் கேண்டிட் எடுப்பவருக்கும் ட்ரோன்காரருக்கும் ஆல்பம் லேபுக்கும் கொடுக்கப் பணம் வேண்டும். அதற்கு ஐப்பசிக் கல்யாணத்து அட்வான்ஸ் வர வேண்டும். ஆவணி அட்வான்ஸில் ஆடி வாடகை, ஐப்பசி அட்வான்ஸில் ஆவணிச் செலவு, தை அட்வான்ஸில் ஐப்பசிச் செலவு. சக்கரம் சுற்றுகிறவரை வெளியில் தெரியாது. 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது தெரிந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் நின்றுபோயின. பெண் வீட்டுக்காரர்கள் பத்துப் பேரை வைத்து வீட்டிலேயே தாலி கட்டிவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். வாங்கிய பணத்தைச் செலவழித்துவிட்டிருந்த எத்தனையோ பேர் கேமராவை விற்றார்கள். அந்த வருடம் லென்ஸ் மலிவாகக் கிடைத்ததைப் பற்றி இன்னும் சந்தோஷமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். விற்றவர்கள் பேசுவதில்லை.

ஊரடங்கு தேவையில்லை, ஆடியே போதும். கையில் காசு நிற்காத ஆடியில்தான் தண்டல்காரர் வாசலில் நிற்பார். 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்கிக்கொள்வார். "ஆயிரம்தானே வட்டி, நூத்துக்குப் பதினொண்ணு" என்று தோன்றும். ஆனால் 9,000மும் 100 நாள் உங்களிடம் இருப்பதில்லை. முதல் நாளே திருப்பத் தொடங்கிவிடுகிறீர்கள், சராசரியாகப் பாதித் தொகைதான் கையில் இருக்கும். ஆண்டு வட்டியாக மாற்றினால் 70 விழுக்காட்டைத் தாண்டும்.

ஒரு கல்யாணத்துக்கு ஒரு பக்கம்

நாளேடு, பேரேடு, ஐந்தொகை என்று முறையாகக் கற்றுக்கொண்டவர்கள் நகரத்தார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கடையில் உட்கார்ந்து கணக்குப் பழகினார்கள். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு கல்யாணத்துக்கு ஒரு பக்கம். மேலே பிள்ளையார் சுழி போடுவது உங்கள் இஷ்டம். அதற்குக் கீழே முகூர்த்தத் தேதி, மண்டபம், பேசிய தொகை. இடது பக்கம் அந்தக் கல்யாணத்துக்காக வந்தது, வலது பக்கம் அதற்காகப் போனது. மொபைல் செயலியில் எழுதினாலும் சரிதான். ஆனால் மண்டபத்தில் சார்ஜ் தீர்ந்த போன் எதையும் எழுதாது.

தம்பியின் ஒரு பக்கத்தை நிரப்பிப் பார்த்தோம். பேசிய தொகை 1,50,000. கேண்டிட் எடுப்பவருக்கு இரண்டு நாளைக்கு 16,000. வீடியோ 12,000. ட்ரோன் 7,000. எடிட்டிங் 13,000. இரண்டு ஆல்பம் 24,000. வண்டி, சாப்பாடு, பென்டிரைவ் என்று 5,000. மொத்தம் 77,000. மிச்சம் 73,000.

தம்பியின் முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வி கேட்டேன். கல்யாணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் போவது என்ன? வாடகை 9,000, கரண்ட் பில்லும் இன்டர்நெட்டும் 2,500, பையன் சம்பளம் 12,000, கேமராத் தவணை 8,500. மாதம் 32,000, வருடத்துக்கு 3,84,000. போன வருடம் எடுத்தது 16 கல்யாணம். அப்படியானால் ஒவ்வொரு கல்யாணமும் 24,000 ரூபாயை ஸ்டுடியோவுக்குக் கப்பம் கட்டிவிட்டுத்தான் தம்பியிடம் வருகிறது. 73,000இல் அதைக் கழித்தால் 49,000. இதுதான் தம்பியின் உழைப்புக்கான கூலி. வரியை இன்னும் கழிக்கவில்லை.

"ஒன்றரை லட்ச ரூபா கல்யாணம்" என்று வாயால் சொல்லும்போது மனசும் ஒன்றரை லட்சத்துக்குச் செலவு செய்கிறது. அதனால்தான் பக்கத்தின் அடியில் அந்த 49,000ஐச் சிவப்பு மையில் எழுதச் சொல்வேன். இன்னொரு பயனும் உண்டு. "பக்கத்து ஸ்டுடியோவில 1,10,000க்கு எடுக்குறாங்க" என்று யாராவது பேரம் பேசினால், எதுவரை இறங்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 77,000மும் 24,000மும் சேர்ந்து 1,01,000. 1,10,000க்கு ஒத்துக்கொண்டால் மூன்று நாள் தூக்கம் கெட்டு உழைத்ததற்கு 9,000 மிஞ்சும். ஆடியில் சும்மா இருப்பதற்குப் பதில் அதையும் எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், தவறில்லை. ஆவணியில் ஒத்துக்கொள்வதுதான் முட்டாள்தனம்.

மூன்று கணக்கு

வங்கிக் கணக்கு மூன்று வேண்டும். ஸ்டுடியோ பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட். க்யூ.ஆர். அட்டை இதற்கு மட்டும். இரண்டாவது ஒரு சேமிப்புக் கணக்கு, ஏ.டி.எம். கார்டு வாங்கினாலும் பர்ஸில் வைக்கக் கூடாது. அட்வான்ஸ் வந்த அன்றே இதற்கு மாற்றிவிடுங்கள். இதிலிருந்து எடுப்பது அந்தந்தக் கல்யாணத்துக்கான செலவுக்கு மட்டும். முகூர்த்தம் முடிந்து, கொடுக்க வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகு மிஞ்சுவது முதல் கணக்குக்குத் திரும்பும். மூன்றாவது உங்கள் வீட்டுக் கணக்கு. ஒன்றாம் தேதி உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். தை மாதமானாலும் ஆடி மாதமானாலும் ஒரே தொகை. மேலே சொன்ன தம்பிக்கு 40,000 வைத்தோம். சீசன் நேரத்தில் கை அரிக்கும், அதற்குப் பழக வேண்டும்.

ஒரே க்யூ.ஆர். அட்டையில் ஸ்டுடியோப் பணம், மனைவி எடுத்த சீட்டுப் பணம், மச்சான் திருப்பித் தந்த கைமாத்து எல்லாம் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கர்நாடகத்தில் பார்த்தோம். 2025 ஜூலையில் அங்கே வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவை வைத்து டீக்கடை, பேக்கரிக்காரர்களுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியது. யு.பி.ஐ. வேண்டாம், ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள் சிலர். ரொக்கத்துக்கு மாறுவது இதற்கு மருந்து இல்லை. எது விற்பனை, எது கைமாத்து என்று பிரித்துக் காட்ட முடிந்தால் நோட்டீஸ் ஒரு கடிதம், அவ்வளவுதான்.

ஏற்கெனவே விழுந்த ஓட்டையை அடைக்க அவசரப்பட வேண்டாம். தம்பிக்கு 2,12,000. ஒவ்வொரு கல்யாணமும் முடிந்ததும் கூலியிலிருந்து 15,000 எடுத்து அட்வான்ஸ் கணக்கில் போட்டால் பதினைந்து கல்யாணத்தில் அடைந்துவிடும், ஏறக்குறைய ஒரு வருடம். இதற்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

இருபது லட்சம்

சேவைத் தொழில் செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம். போட்டோகிராபர் சேவைக்காரர், 20 லட்சம்தான் அவருக்கு எல்லை. தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

"எனக்கு வருசத்துக்கு எட்டு லட்சம்கூட நிக்கலையேண்ணே. எனக்கெதுக்கு ஜி.எஸ்.டி.?" என்றார் தம்பி. என் மேசையில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சட்டம் கேட்பது நின்ற பணத்தை இல்லை, வந்த பணத்தை. ட்ரோன்காரருக்கும் லேபுக்கும் கொடுத்ததையும் சேர்த்து மொத்த வரவு. 16 கல்யாணம், 24 லட்சம். பதின்மூன்றாவது கல்யாணத்தில் 19,50,000. பதினான்காவது கல்யாணத்தில் தம்பி எல்லையைத் தாண்டியிருக்கிறார். பதின்மூன்று பக்கம் எழுதியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

போட்டோ எடுக்கும் சேவைக்கு வரி 18 விழுக்காடு. பெண் வீட்டாரிடம் "ஒன்றரை லட்சம், அதோடு 27,000 வரி" என்று சொல்லிப் பாருங்கள். மாமா முறைக்காரர் ஒருவர் எழுந்துபோய்விடுவார். அதனால் எல்லாம் சேர்த்து 1,50,000 என்று முடிப்பீர்கள். அப்படியானால் வரி அந்தத் தொகைக்குள்ளேயே இருக்கிறது. 1,50,000ஐ 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்கினால் 22,881. உங்கள் 49,000 கூலி 26,119 ஆகிவிட்டது. ஆல்பம் லேப் ஜி.எஸ்.டி. பில் கொடுத்திருந்தால், அதில் உங்கள் எண் இருந்தால், அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கேண்டிட் எடுப்பவரும் ட்ரோன்காரரும் பெரும்பாலும் பதிவில்லாதவர்கள். கழிக்க அதிகம் இருக்காது.

அட்வான்ஸ் இங்கே மறுபடி வருகிறது. பொருள் விற்பவர் முன்பணம் வாங்கும்போது ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும். சேவை செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அட்வான்ஸ் கைக்கு வந்த மாதமே அதற்கு வரி விழுந்துவிடும். 50,000 வாங்கினால் அதில் 7,627 அரசாங்கத்துடையது, படம் ஒன்றுகூட எடுக்காதபோதே. அட்வான்ஸுக்கு ரசீதுச் சீட்டு கொடுக்க வேண்டும். கல்யாணம் நின்று பணத்தைத் திருப்பினால் அதற்கும் ஒரு சீட்டு எழுதி வரியைச் சரிக்கட்ட வேண்டும். தம்பி ஆவணி அட்வான்ஸைச் செலவழித்தபோது ஐந்து குடும்பத்தின் பணத்தோடு ஒரு அரசாங்கத்தின் பணத்தையும் சேர்த்துச் செலவழித்திருக்கிறார் என்று சொன்னதும் அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

உங்களிடம் வேலை கொடுப்பவர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள் மட்டும்தான் என்றால், இந்த 18 விழுக்காட்டு வழி உங்களுக்கு வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆண்டு வரவு 50 லட்சம் வரை உள்ள சேவைக்காரருக்குத் தொகுப்பு வரித் திட்டம் இருக்கிறது. காம்போசிஷன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மொத்த வரவில் 6 விழுக்காடு. 1,50,000க்கு 9,000. பதினாறு கல்யாணத்துக்கு 1,44,000. முதல் வழியில் அது 3,66,000க்கு மேல். காலாண்டு முடிந்து அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் பணம் கட்டி ஒரு சின்னப் படிவம், வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன், அவ்வளவுதான்.

இதற்கு விலையும் உண்டு. வாங்கும் பொருளில் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. 2,36,000க்குக் கேமரா வாங்கினால் அதிலிருக்கும் 36,000 ஜி.எஸ்.டி. போனதுதான். பில்லில் வரி என்று தனியாகப் போட்டு வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. வெளிமாநில வேலை எடுப்பவருக்கு ஒத்துவராது. கம்பெனி விளம்பர வேலை செய்பவருக்கும் சரிப்படாது, ஏனென்றால் கம்பெனிக்காரர்கள் கழித்துக்கொள்ள வரியோடு பில் கேட்பார்கள். முதல் முறை பதிவு செய்யும்போதே இதைத் தேர்ந்துவிடலாம். ஏற்கெனவே சாதாரணப் பதிவில் இருப்பவர் நிதியாண்டு தொடங்குமுன், அதாவது மார்ச் 31க்குள், மாறுவதாகத் தெரிவிக்க வேண்டும். ஏப்ரலில் வந்து கேட்பவர்களை நான் அடுத்த மார்ச்சுக்கு வரச் சொல்லி அனுப்புகிறேன்.

இரண்டு ஆறு

வருமான வரியிலும் ஒரு 6 விழுக்காடு வரும். இரண்டு ஆறையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஜி.எஸ்.டி. ஆறு, வரியே 6 விழுக்காடு. வருமான வரியின் ஆறு, லாபம் குறைந்தது 6 விழுக்காடு என்று வைத்துக்கொள்வது. வரி அந்த லாபத்துக்குத்தான்.

பழைய 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 44ஏ.டி. பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண் 58 ஆகிவிட்டது. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் 44ஏ.டி.தான் வருகிறது. ஆண்டு வரவு 2 கோடி வரை உள்ள சிறுதொழில்காரர் முழுக் கணக்குப் புத்தகம் காட்ட வேண்டியதில்லை. வங்கி, யு.பி.ஐ. வழியாக வந்த வரவில் 6 விழுக்காடும், ரொக்கமாக வந்ததில் 8 விழுக்காடும் லாபம் என்று காட்டலாம். அதைவிட அதிகம் சம்பாதித்திருந்தால் அந்த அதிகத்தைக் காட்ட வேண்டும். டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், உள் அலங்காரம் செய்பவர் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு வேறு விதி, அங்கே வரவில் பாதி லாபம். கல்யாண போட்டோகிராபர் அந்தப் பட்டியலில் இல்லை.

தம்பிக்கு ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தவர் மூன்று வருடமாக 24 லட்சத்துக்குச் சரியாக 6 விழுக்காடு, 1,44,000 லாபம் என்று காட்டியிருந்தார். மாதம் 12,000. வரி கட்ட வேண்டாம் என்று தம்பிக்கும் சந்தோஷம். பிறகு வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். மூன்று வருட ரிட்டர்னைப் பார்த்த மேனேஜர், மாதம் 12,000 சம்பாதிப்பவருக்கு எப்படி 30 லட்சம் கொடுப்பது என்று கேட்டார். மேனேஜர் கேட்டது நியாயம்தான்.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு, தள்ளுபடியைச் சேர்த்தால், வரியே இல்லை. தம்பியின் உண்மையான லாபம் 7,84,000. அதில் தொகுப்பு வரி 1,44,000 போனாலும் 6,40,000. அதை அப்படியே காட்டினாலும் வரி பூஜ்யம். காட்டாமல் இருந்ததில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை, வீட்டுக்கடன் மட்டும் போயிற்று. விதியை மீறியதாகவும் ஆயிற்று. வரி இல்லையென்றாலும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட வேண்டும்.

வரி வருகிற அளவுக்குச் சம்பாதிப்பவர்கள் மார்ச் 15ஐ நினைவில் வையுங்கள். மற்றவர்கள் முன்வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். லாபத்தை 44ஏ.டி. முறையில் காட்டுபவர் அந்த ஒரே தேதியில் மொத்தமாகக் கட்டினால் போதும். மாசி முகூர்த்தப் பணம் கையில் இருக்கும் நேரம், வசதிதான்.

ரொக்கம்

கல்யாண வீட்டில் ரொக்கம் புரளும். ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2,50,000க்குப் பேசி, அட்வான்ஸ் 50,000, நிச்சயத்தன்று ஒரு லட்சம், முகூர்த்தத்தன்று ஒரு லட்சம் என்று மூன்று தவணையாக வாங்கினாலும் அது ஒரே கல்யாணம். அபராதம் வாங்கிய தொகை முழுவதும், அதாவது இன்னொரு 2,50,000. கொடுத்தவருக்கு இல்லை, வாங்கிய உங்களுக்கு. பெரிய தவணையை வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். லாபத்தில் 8க்குப் பதில் 6 என்பதும் சேர்ந்து கிடைக்கிறது.

பெரிய ஈவென்ட் கம்பெனிகளுக்கு வேலை செய்து பணத்துக்கு அலைபவர்கள் குறுந்தொழில்களுக்கான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். இணையத்தில் இலவசம், இதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம். பதிவு பெற்ற குறுந்தொழில்காரருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வழக்குப் போடச் சொல்லவில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்துவிட்டால் கம்பெனிக் கணக்குப் பிள்ளை உங்கள் பில்லை அடியில் வைக்க மாட்டார்.

பாக்கி

கல்யாண வீட்டுப் பாக்கிக்கு எந்தச் சட்டமும் உதவாது. ஸ்டுடியோ அலமாரியில் நிற்கும் ஆல்பங்களைத் தம்பியை எண்ணச் சொன்னேன். ஏழு. அதில் ஒரு ஜோடிக்குக் குழந்தை பிறந்து முதல் பிறந்தநாளே வந்துவிட்டது. பாக்கி 40,000. "ஆல்பத்தைக் குடுக்காம வச்சிருக்கேன்ல, வந்துதானே ஆகணும்" என்பது தம்பியின் வாதம். போனில் எல்லாப் படமும் போய்ச் சேர்ந்த பிறகு ஆல்பத்துக்காக யாரும் ஓடி வருவதில்லை.

புக்கிங்கின்போதே ஒரு சீட்டு எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். பேசிய தொகை, எத்தனை நாள், எத்தனை ஆல்பம், கல்யாணம் தள்ளிப்போனால் என்ன, நின்றுபோனால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும். தவணையையும் எழுதுங்கள். மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ், முகூர்த்தத்தன்று மீதியில் பெரும்பகுதி, ஆல்பம் கொடுக்கும்போது 15,000 மட்டும். இரண்டு பக்கமும் கையெழுத்து. பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா, பணம் யார் தருவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இதில் வரும் சண்டைகளைப் பற்றித் தனி நூலே எழுதலாம்.

பெரிய தவணையை எப்போது கேட்பது? மறுநாள் வேண்டாம். மறுநாள் மண்டபக்காரர், சமையல்காரர், மேளக்காரர் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். முகூர்த்தம் முடிந்து, மொய் மேசையில் எண்ணிக்கொண்டிருக்கும்போது பணத்துக்குப் பொறுப்பான சித்தப்பாவைத் தேடிப் பிடியுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் சீட்டைக் காட்டுங்கள். மஞ்சள் பையிலிருந்து அவர் எண்ணிக் கொடுக்கும்போது, அதைத் தொழில்காரருக்குக் கொடுத்ததாக மொய்க் கணக்குக்காரர் ஓரத்தில் குறித்துக்கொள்வார். நீங்களும் உங்கள் பக்கத்தில் இடது பக்கம் குறித்துவிட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பந்திக்குப் போங்கள். கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துவிடும்.